பொதுச்சுவரில் ஒரு ஜன்னல்

உலகம்மை வீட்டு அடுக்களை ஜன்னல் யாரிடமும் கேட்காமல் உடைத்த ஜன்னல். தெருவில் எல்லாருக்கும் அது தெரியும். பக்கத்து மனைக்காரரான விஜயசங்கருக்கும் தெரியும். பெங்களூரில் பெரிய வேலை; வருஷத்துக்கு ரெண்டு தடவை வந்து மனையைப் பார்த்துவிட்டுப் போவார். ஜன்னலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் இத்தனை பாடு இல்லை.

தென்காசியில் பெரிய கோயிலுக்குப் பின்னால் இருக்கிற பழைய தெருக்களில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டித்தான் நிற்கும். ரெண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர். ஒன்றரை அடிக் கனம், மண்ணும் சுண்ணாம்பும். பாதி இவர்களுக்கு, பாதி அவர்களுக்கு. இந்த வீட்டு உத்திரமும் அதன் மேல்தான், அந்த வீட்டு உத்திரமும் அதன் மேல்தான். விஜயசங்கரின் அப்பா சிவசைலம் காலமான பிறகு பூட்டிக் கிடந்த வீட்டில் ஓடு சரிந்தது, உத்திரம் இற்றது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஜேசிபி வந்து ஒரே பகலில் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனது. பொதுச்சுவரை மட்டும் தொடவில்லை. தொட்டால் உலகம்மை வீடும் கூடவே வந்துவிடும்.

ஆக, ஒரு வீட்டின் உள்சுவராக இருந்தது ஒரே நாளில் வெளிச்சுவர் ஆகிவிட்டது. சிவசைலம் வீட்டுப் பச்சைப் பெயின்ட் அப்படியே இருந்தது. காலண்டர் மாட்டின ஆணி இருந்தது. உத்திரம் ஏறியிருந்த இடத்தில் ஏழு ஓட்டைகள். விளக்கு மாடம் ஒன்று. அந்த மாடம் இருந்த இடத்தில் சுவர் மெலிசு என்று தட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்ட உலகம்மையின் வீட்டுக்காரர் சங்கரநாராயணன், மறுநாளே கடப்பாரையால் நாலு போடு போட்டு வெளிச்சத்தைக் கொண்டுவந்துவிட்டார்.

"இருவத்தேழு வருசமா பட்டப்பகல்லயும் லைட்டைப் போட்டுத்தான அவிச்சே. இனி சூரியன் வெளிச்சத்துல அவி" என்றார். அன்றைக்கு உலகம்மைக்கு அவர் மேல் வந்த பிரியம் கல்யாணமான புதுசில் கூட வந்ததில்லை. அதை அவளே பக்கத்து வீடுகளில் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

ஜன்னலில் கழுத்தை வலப்பக்கம் கொஞ்சம் சாய்த்தால் குற்றால மலை தெரியும். அது அவர்களுக்கு வேடிக்கை பார்க்கிற விஷயமில்லை, பிழைப்பு. சங்கரநாராயணன் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். சாரல் விழுந்தால் அருவி, அருவி விழுந்தால் கூட்டம், கூட்டம் வந்தால் எண்ணெய். உலகம்மை குற்றாலத்தில் ஒரு லாட்ஜுக்கு இடியாப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் கொடுக்கிறாள். சீசனில் தினமும் முந்நூறு, நானூறு என்று பிழிய வேண்டும். விடிகிற நேரத்துக்கு முதல் ஈடு இறக்கியிருப்பாள். தோளில் எண்ணெய்ப் பையைப் போட்டுக்கொண்டே சங்கரநாராயணன் கேட்பார்:

"ஏட்டி, மலை எப்படி இருக்கு?"

உலகம்மை கையில் மாவோடு கழுத்தைச் சாய்ப்பாள். "உச்சி தெரியல. மூடிக் கெடக்கு, கெளம்புங்க" என்பாள். இல்லையென்றால், "பளிச்சுன்னு இருக்கு சவம். பைய சாப்பிட்டுப் போங்க" என்பாள்.

இப்படி மலை மூடவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறவளுக்கு, மூடின அன்றே சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கவும் வேண்டியிருக்கும். ஏனென்றால் அதே சாரல்தான் அந்தச் சுவரையும் தின்றது. தென்மேற்கிலிருந்து காற்று சரித்து அடிக்கும்போது ஏழு ஓட்டையும் ஏழு வாயாகக் குடித்தது. ஒரு வருஷம் சிமெண்ட் பூசிப் பார்த்தார்கள். மண் சுவரில் சிமெண்ட் எப்படி நிற்கும்? அடுத்த சாரலுக்கு அப்பளம் மாதிரிப் பிரிந்து விழுந்தது. பிறகு வைகாசி பிறந்ததும் நீலத் தார்ப்பாய் கட்டினார்கள். காற்று அதையும் கிழித்தது. போன சீசனில் ஒருநாள் சுவரின் மேல்மூலையிலிருந்து ஒரு கூடை மண் அப்படியே பெயர்ந்து பிசைந்து வைத்த மாவில் விழுந்தது. அன்றைக்கு லாட்ஜில் காலைப் பலகாரம் இல்லை. "இன்னொரு தடவ இப்படின்னா நான் வேற ஆளப் பாத்துக்கிடுவேன், தப்பா நெனைக்காதீங்க" என்று மேனேஜர் மரியாதையாகத்தான் சொன்னார். மரியாதையாகச் சொன்னால் மட்டும் வலிக்காதா.

அதனால்தான் விஜயசங்கர் வீடு கட்டப்போகிறார் என்று கேட்டதும் உலகம்மைக்குக் கால் தரையில் பாவவில்லை. புதுச்சுவர் ஒன்று ஒட்டி எழும்பினால் பழைய சுவருக்கு அப்புறம் என்ன குறை?

வைகாசி இருபத்தொன்று வாஸ்து நாள். ஆனி பிறக்குமுன் தொடங்கிவிட வேண்டும் என்று அவசரமாக வந்தார்கள். வடகிழக்கு மூலையில், உலகம்மையின் சுவரை ஒட்டித்தான் பூஜை. அவள் சர்க்கரைப் பொங்கல் வைத்துக்கொண்டு போய் எல்லாருக்கும் கொடுத்தாள். விஜயசங்கர், "எதுக்குக்கா சிரமம்" என்று சொல்லிக்கொண்டே ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். கூட வந்திருந்த பெண் அபர்ணா. முப்பது வயசிருக்கும், பாளையங்கோட்டைக்காரி, வீட்டுக்குப் பிளான் போட்டவள். தோண்டுகிற மண்ணையே அங்கேயே மெஷினில் அழுத்திக் கல்லாக்கிக் கட்டுவது, ஏசி இல்லாமல் காற்றிலேயே குளிர வைப்பது, கூரைத் தண்ணீரைத் தொட்டியில் சேர்ப்பது. இது அவளுடைய வித்தை. தெருவுக்குத் தாங்கவில்லை. பெங்களூரில் சம்பாதித்தவன் மண் வீடு கட்டுகிறான் என்று பேச்சு.

சுரண்டையிலிருந்து வந்திருந்த கொத்தனார் ஏசுதாசன்தான் அதற்கு விளக்கம் சொன்னான். "இல்லாதவன் மண்ணுல கெட்டுனா குடிசை அக்கா. இருக்கவன் கெட்டுனா அதுக்குப் பேரு கிரீன் ஹவுஸு."

மறுநாள் சுண்ணாம்புக் கோடு போட்டு வானம் தோண்டினார்கள். அஸ்திவாரக் குழியைத்தான் அங்கே வானம் என்பது. உலகம்மை ஜன்னல் வழியே பார்த்தாள். பார்த்தவளுக்கு அடுப்பில் சொதி பொங்கினது தெரியவில்லை. கோடு சுவரிலிருந்து மூன்று அடி தள்ளி ஓடியது.

"ஏ கொத்தனாரே, கோடு மாறிப் போச்சே! செவரு இங்கனல்லா இருக்கு!"

ஏசுதாசன் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். "மாறலக்கா. பிளானே அப்படித்தான். மூணடி சந்து விடச் சொல்லியிருக்காவ. காத்துப் போறதுக்கு."

"காத்துக்கு வழி விட்டா அது தனியாவா வரும்? சாரலையும் கையப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுல்லா வரும்!"

"அது எனக்குத் தெரியுதுக்கா. நான் கொத்தன். கோட்டப் போட்டா தோண்டுவேன்."

உலகம்மை படித்தவள் இல்லை. ஆனாலும் அந்தச் சுவரோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவள். இப்போது மனை திறந்து கிடக்கிறது. நனைந்தாலும் வெயில் பட்டுக் காய்கிறது. நாளைக்கு அந்தப் பக்கம் மாடி எழும்பிவிட்டால் மூன்று அடிச் சந்தில் சாரல் நுழையும், வெயில் நுழையாது. அகலத்தில் வருகிற காற்று குறுகின சந்தில் புகுந்தால் ஊதாங்குழல் மாதிரிதான் அடிக்கும். ஒரு சாரல் தாங்கும். ரெண்டாவது சாரலுக்கு உத்திரம் இறங்கிவிடும். அடுக்களை போனால் லாட்ஜ் போயிற்று.

அன்று சாயங்காலம் சங்கரநாராயணனைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கி அந்தத் தம்பி சிநேகிதங்களோட அருவிக்கி வருதாவளாம். எண்ணெய் தேய்க்கையில சொல்லிருங்க. சந்து வேண்டாம், ஒட்டிக் கெட்டுங்கன்னு. நாலு வார்த்தைதான்."

"சொல்லிருதேன்."

"சாடையா சொல்லாதீய. வாயத் தொறந்து சொல்லுங்க."

"நான் என்ன ஊமையாட்டி?"

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தத் தெருவில் பெரிய இடத்தில் போய் யாரும் நேராகக் கேட்பதில்லை. சிவசைலத்திடம் நெல் கேட்கப் போகிற சங்கரநாராயணனின் அப்பா, "இந்த வருசம் எலித் தொந்தரவு சாஸ்தி" என்பார். சாயங்காலம் மூட்டை வந்து இறங்கும். கேட்கிறவனுக்கு மானம் போகாது, கொடுக்கிறவனுக்குப் புரிந்துகொண்ட பெருமை. ரெண்டு தலைமுறையாக நடந்து வந்த ஏற்பாடு.

மறுநாள் மலை நன்றாக மூடியிருந்தது. அருவியில் தண்ணீர் கொட்டுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதே பாதிதான் கேட்கும். விஜயசங்கர் துண்டோடு பலகையில் உட்கார்ந்தார். சங்கரநாராயணன் உச்சந்தலையில் எண்ணெயை வைத்துப் பொத்திப் பொத்தித் தட்டினார். முதுகு முடிந்தது, தோள் முடிந்தது. வாய் திறக்கவில்லை. கால் பெருவிரலுக்கு வந்தபோதுதான், இனி தேய்க்க உடம்பில் இடம் இல்லை என்று ஆரம்பித்தார்.

"வீடு நல்லபடியா அமையணும் தம்பி."

"எல்லாம் உங்க ஆசீர்வாதம் அண்ணாச்சி."

"பக்கத்துல நாங்க இருக்கோம்."

"இருக்கீங்கன்ற தைரியத்துலதான கட்டுதேன்."

"அதான்… அந்தச் செவத்தாலதான் வீட்டுல அவளுக்கு மனசே சரியில்ல. வானம் தோண்டுனதுலருந்து ஒரே பொலம்பல். சந்து சந்துன்னு."

விஜயசங்கர் எண்ணெய் வழிகிற முகத்தோடு சிரித்தார். அப்பாவின் பிள்ளை அல்லவா! "நீங்க சொல்லவே வேண்டாம் அண்ணாச்சி, எனக்குப் புரிஞ்சுட்டு. அந்த ஜன்னலப் பாத்துட்டுத்தான் நான் அபர்ணாட்ட அந்தப் பக்கம் சந்து விடச் சொன்னேன். மூணடி பத்தாது போல, வெளிச்சம் அடைக்கும். இன்னும் ஓரடி தள்ளிருதேன். அக்காட்ட கவலப்படாதீங்கன்னு சொல்லுங்க."

சங்கரநாராயணன் கை அப்படியே நின்றது. இல்லை தம்பி என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். சொல்லலாமா என்று எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்தார். சொந்த மனையில் நாலடியை விட்டுக்கொடுக்கிற மனுஷனிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்ல? "நல்லா இருங்க தம்பி" என்றார்.

வீட்டுக்கு வந்து, சாப்பாட்டில் பாதியில், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஓரடி கூடுதலா வாங்கிட்டு வந்திருக்கேன்."

உலகம்மைக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கினதும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்னத்த வாங்கிட்டு வந்தீய?"

"சந்து நாலடி ஆயிட்டு."

"கோட்டிக்கார மனுசா! மூணடிய மூடிட்டு வரச் சொன்னா நாலடி ஆக்கிட்டு வந்து நிக்கீயளே! ஒங்களுக்கு வாயக் குடுத்தான் பாருங்க கடவுளு, அந்த வாயில ரெண்டு இடியாப்பம் கூடப் போட்டா தின்னும், பேச மட்டும் செய்யாது!"

"அவுக நம்ம ஜன்னலுக்காகத்தான் விடுதாவ உலகு. நல்ல மனசோட செய்யுதத எப்படி…"

"நல்ல மனசு செவரத் தாங்குமா?"

அவர் கை கழுவப் போனார். போகிற போக்கில் ஒன்று சொன்னார். "ஒட்டிக் கெட்டுனா ஒன் ஜன்னல் போயிரும். யோசிச்சியா?"

யோசிக்காமலா இருந்தாள். அதை மட்டும்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். வாய் விட்டுச் சொன்னால் அழுதுவிடுவோம் என்று இருந்தாள்.

ரெண்டு நாள் கழித்து ஏசுதாசன் நாலாவது அடிக்குப் புதுக்கோடு போட வந்தான். "எலி கூட இப்படி மாத்தி மாத்தித் தோண்டாதுக்கா. இருக்கது பதினஞ்சடி மன. இதுல நாலடி போனா ரயில் பொட்டிலதான் அவுக குடியிருக்கணும்" என்று முனகினான். விஜயசங்கரும் அபர்ணாவும் நின்றிருந்தார்கள். விடியக்காலையிலிருந்து சாரல் விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது. விஜயசங்கர் மத்தியானம் பெங்களூருக்குக் கிளம்புகிறார்.

உலகம்மை மாவுக்கையைக் கூடக் கழுவவில்லை. நேராக மனைக்குள் போய் அபர்ணா முன்னால் நின்றாள். "ஏம்மா, ஒரு நிமிசம் எங்க அடுக்களைக்கு வாங்க. தம்பி, நீங்களும் வாங்க."

அடுக்களையில் ரெண்டு பேர் நின்றாலே மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. ஆவியும் தேங்காய்ப்பால் வாசனையும். சங்கரநாராயணன் பட்டாசல் கூடத்து வாசலில் நின்றுகொண்டு, 'வேண்டாம்' என்று கண்ணால் சொல்லிப் பார்த்தார். அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"செவத்துல கைய வச்சுப் பாருங்கம்மா."

அபர்ணா வைத்தாள். பிறகு ஒரு விரலால் அழுத்தினாள். விரல் முதல் கணு வரைக்கும் உள்ளே இறங்கியது. பயந்துபோய் எடுத்துவிட்டாள்.

"இது… எவ்வளவு நாளா ஆண்ட்டி?"

"மூணு வருசமா. வெயிலு காயப் போடுது, சாரல் நனைக்குது. நீங்க சந்து விட்டா வெயிலும் போயிரும். இந்த உத்திரம் இதுமேலதான் நிக்குது. இதுக்குக் கீழதான் நான் நிக்கேன்."

"ஆனா நீங்கதான ஜன்னலுக்காக…" என்று விஜயசங்கர் தொடங்கினார். "அண்ணாச்சி சொன்னாங்களே."

"அவுக ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாவ. நீங்களா புரிஞ்சுக்கிட்டீய." உலகம்மை சங்கரநாராயணனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பினாள். "ஜன்னல் நாங்க கேக்காம ஒடச்சது தம்பி. தப்புதான். அத நானே அடச்சிருதேன். சந்து வேண்டாம். ஒட்டிக் கெட்டுங்க."

வாசலில் சங்கரநாராயணன் தலையைக் குனிந்துகொண்டார்.

விஜயசங்கர் தயங்கினார். "இல்லக்கா, காத்து வரணும்லா. டிசைன் எல்லாம் முடிஞ்சுட்டு. வேணும்னா உங்க சுவருக்கு நானே நல்ல தார்ப்பாயா…"

அதுவரைக்கும் தாழ்வாகப் பேசிக்கொண்டிருந்த உலகம்மைக்கு அந்தத் தார்ப்பாயில்தான் பொறுமை போயிற்று.

"எங்க செவருன்னு யாரு சொன்னா? இது பொதுச்செவரு தம்பி. பாதி ஒங்க அப்பாவுது. எங்க பாதிய நான் அடுப்பு வச்சுக் காய வச்சுக்கிட்டு இருக்கேன். ஒங்க பாதிதான் மூணு வருசமா நனையுது."

ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த ஏசுதாசன் அப்போதுதான் வாய் திறந்தான். "அக்கா சொல்லுதது நெசந்தான் சார். இந்தப் பக்கம் ஒங்க உத்திரம் ஏறுன ஓட்ட ஏழும் அப்படியே இருக்கு."

"இதை ஏன்யா முதல்லயே சொல்லல?" என்றாள் அபர்ணா.

"என்ன யாரும்மா கேட்டா?"

விஜயசங்கர் ஜன்னல் வழியே கையை வெளியே விட்டு, தன் வீட்டுப் பச்சைப் பெயின்டைத் தொட்டுப் பார்த்தார். ஈரத்தில் அது உரிந்து கையோடு வந்தது. பச்சைச் சீவலை விரலில் தேய்த்துக்கொண்டே, "காத்துக்கு வேற வழி இருக்கா அபர்ணா?" என்று கேட்டார்.

அபர்ணா மாவுப்பலகை மேலேயே பேப்பரை விரித்தாள். சந்துக்கு விட்ட இடத்தை வீட்டுக்கு நடுவில் கொண்டுவந்து மேலே ஆகாயம் தெரியத் திறந்துவிடலாம், காற்று அது வழியே ஏறிப் போகும் என்றாள். வெட்டின குழியை மூட வேண்டாம், மழைத்தண்ணீர்த் தொட்டியை அங்கே இறக்கிவிடலாம் என்றாள். பேப்பர் ஓரத்தில் அரிசிமாவு ஒட்டிக்கொண்டது. விஜயசங்கர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். கிளம்பும்போது, "ரெண்டு இடியாப்பம் கட்டிக் குடுங்கக்கா" என்று வாய் திறந்து கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

ஆனி போய் ஆடியும் வந்தது. தார்ப்பாய்க்குக் கீழே ஏசுதாசன் ஆட்கள் மண் கல்லை வரிசை வரிசையாக ஏற்றினார்கள். சுவர் பழைய சுவரோடு ஒட்டியே வளர்ந்தது. ஏழு ஓட்டைகளும் ஒவ்வொன்றாக அடைபட்டன. ஆடிக் கடைசியில் ஒருநாள் சாயங்காலம் வரிசை ஜன்னலின் அடிக்கட்டைக்கு வந்து நின்றது.

"அக்கா, நாளைக்கி வச்சுக்கிடுவமா?" என்றான் ஏசுதாசன், வெளியே நின்றபடி. அவனுக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

"எதுக்கு நாளைக்கி? கல்லத் தாங்க."

அவன் வெளியிலிருந்து ஒவ்வொரு கல்லாக நீட்ட, அவள் உள்ளேயிருந்து மண் குழைத்து வைத்தாள். இடியாப்பம் பிழிந்த கைக்குச் சாந்து பிடிக்கத் தெரியாதா. கடைசிக் கல்லுக்கு முன்னால் மட்டும் ஒரு தடவை கழுத்தைச் சாய்த்துப் பார்த்தாள். மலை பாதி மூடியிருந்தது, பாதி தெரிந்தது. இவ்வளவுதான் என்று கல்லை வைத்து உள்ளங்கையால் தட்டினாள்.

மறுநாள் விடிகிற நேரம். முதல் ஈடு வெந்துகொண்டிருந்தது. சங்கரநாராயணன் எண்ணெய்ப் பையைத் தோளில் போட்டுக்கொண்டே பழக்கத்தில் கேட்டுவிட்டார்.

"ஏட்டி, மலை எப்படி இருக்கு?"

உலகம்மையும் பழக்கத்தில் கழுத்தைச் சாய்த்துவிட்டாள். கண்ணுக்கு முன்னால் இன்னும் காயாத மண். கேட்டதற்கு அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாவுக்கையால் கண்ணைத் துடைக்க முடியாமல் தோளில் துடைத்துக்கொண்டாள். பிறகு எட்டி, பழைய சுவரின் மேல்மூலையில், போன வருஷம் பெயர்ந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு விரலை வைத்து அழுத்தினாள். ஜில்லென்றுதான் இருந்தது. ஆனால் விரல் இறங்கவில்லை.

"செவரு கெட்டியா இருக்கு" என்றாள். "மலைய நீங்க தெருவுல போய்ப் பாத்துக்கிடுங்க."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் தெருமுக்கிலிருந்து சத்தம் கேட்டது. ஊரையே எழுப்புகிற மாதிரி, வாய் திறந்து, அடித்தொண்டையிலிருந்து கத்தினார்:

"உலகு! மூடிக் கெடக்குட்டி! உச்சியே தெரியல!"

உலகம்மை லைட்டைப் போட்டுக்கொண்டு ரெண்டாவது ஈடுக்கு மாவை அள்ளினாள்.